அண்ணி போட்ட இரட்டைக் கேபிள்

அந்தக் கார்ட்டூன் கம்பெனியில் அவளை எல்லாரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளி கூப்பிடுவார், வாசல் காவலாளி கூப்பிடுவார், அவளைவிட வயதில் மூத்தவரான, கோட்டுப் படம் வரையும் பிரிவின் கோட்டு மாஸ்டர்கூட வாய் நிறைய அண்ணி என்பார். இத்தனைக்கும் அந்தக் கட்டடத்தில் அவளை அப்படிக் கூப்பிட உரிமை உள்ளவள் ஒருத்திதான். வண்ணப் பிரிவின் தலைவி, அவளுடைய நாத்தனார். வீட்டுப் பழக்கத்தில் ஆபீசிலும், "அண்ணி, என் ஃபைல் திறக்க மாட்டேங்குது" என்று கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் குரல் கொடுத்துக் கொடுத்து, அது ஊருக்கே தொற்றிக்கொண்டுவிட்டது.

அண்ணி அங்கே வேலைக்குச் சேர்ந்தது டெலிபோன் பார்க்க. ஆனால் படம் வரைகிறவர்களுக்கு யார் போன் செய்யப் போகிறார்கள்? நாள் முழுக்க நாலு மணி அடித்தால் அதிகம். சும்மா உட்கார்ந்திருப்பது அவளுக்கு ஒத்துவராத விஷயம். ஒருநாள் போன் ஊமையாகிப்போக, ரிப்பேர்க்காரருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு அவர் வரும்வரை பொறுக்க முடியாமல் சுவரிலிருந்த பெட்டியைத் தானே திறந்து பார்த்தாள். உள்ளே ஒரு கூடை நூடுல்ஸ் மாதிரி ஒயர். அடுத்தவர்களுக்குத் தலை சுற்றும். அவளுக்கோ கை பரபரத்தது. சிக்கெடுத்து, விட்டுப்போனதைக் கண்டுபிடித்து, முறுக்கிவிட்டாள். ரிப்பேர்க்காரர் வந்தபோது போன் பேசிக்கொண்டிருந்தது. அவர் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அப்போது கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொண்டிருந்தவருக்கு இது தெய்வம் அனுப்பிய உதவியாகப் பட்டது. முதலில் ஒயர்களைக் கொடுத்தார், பிறகு பிரிண்டர்களைக் கொடுத்தார், கடைசியில் வேறு எங்கோ நல்ல வேலை கிடைத்துச் சாவிக்கொத்தை அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போயே போய்விட்டார். முதலாளி வந்து, புது ஆள் வரும்வரை பார்த்துக்கொள்ளும்படி சொன்னார். அந்தப் புது ஆள் இன்றுவரை வரவில்லை. அண்ணி மாலை வகுப்புக்குப் போய்ப் படித்து, பரீட்சை எழுதி, தேறி, தானே அந்தப் புது ஆள் ஆகிவிட்டாள்.

கல்யாணமும் அந்த டெலிபோன் மேஜையிலிருந்துதான் நடந்தது. வண்ணப் பிரிவுக்காரிக்கு அவளுடைய சிரிப்பு பிடித்துப்போய், ஸ்கூல் பஸ் ஓட்டும் தன் அண்ணனை ஒரு சாக்குச் சொல்லி ஆபீசுக்கு வரவழைத்தாள். வந்தவர் நின்றார், பார்த்தார், ஒரு வார்த்தை பேசாமல் போனார். மறுநாள் சாக்கு எதுவும் இல்லாமலே வந்தார். "எங்க அண்ணனுக்குப் பொண்ணு தேடினதே நான்தான்" என்று நாத்தனார் நல்ல நாளில் பெருமையடிப்பாள். சர்வர் சண்டித்தனம் செய்யும் நாளில், என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன் என்பாள். மாடி வீட்டில் புருஷனோடு அவள் குடியிருந்தாலும், சாப்பாடும் சண்டையும் கீழே அண்ணன் வீட்டில்தான்.

சர்வருக்கு ஆபீசில் பெரியவர் என்று பெயர். பழைய துடைப்பங்களும் வாளிகளும் கிடந்த அறையைக் காலிசெய்து அவரை அங்கே குடிவைத்திருந்தார்கள். சுவரில் துடைப்பம் மாட்டும் கொக்கிகள் இன்னும் இருந்தன. அதில் அண்ணி கேபிள் சுருள்களை மாட்டி வைத்திருந்தாள். கம்பெனியில் யார் எதை வரைந்தாலும், எந்த யானைக்கு என்ன நிறம் பூசினாலும், அது பெரியவருடைய வயிற்றில்தான் போய்த் தங்கும். காலையில் வந்ததும் எல்லாரும் அங்கிருந்துதான் எடுக்க வேண்டும். பெரியவரிடமிருந்து ஒரே ஒரு கேபிள் புறப்பட்டுப் பக்கத்திலிருந்த ஸ்விட்ச் பெட்டிக்குப் போகும். எல்லார் மேஜையிலிருந்தும் வருகிற கேபிள்கள் அந்தப் பெட்டியிலும், அதோடு இணைந்த இன்னொரு பெட்டியிலும் வந்து சேரும். ஆக, அத்தனை பேருக்கும் வாசல் ஒன்றுதான்.

அதனால் காலை நேரத்தில் ஒரு ஃபைலைத் திறக்கச் சொல்லிவிட்டு முக்குக் கடை வரை போய் டீ குடித்துவிட்டு வரலாம். வந்து பார்த்தால் பாதி யானை திறந்திருக்கும். படம் வரைகிறவர்களுக்கு இதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. வருத்தமெல்லாம் நாத்தனாருக்குத்தான். வண்ணப் பிரிவின் ஃபைல்கள் எல்லாவற்றிலும் பெரியவை. அவளுக்குப் பொறுமையோ எல்லாரிலும் சிறியது.

ஒரு திங்கட்கிழமை, பெரியவர் அறையில் அலமாரி அடிக்க ஒரு தச்சர் வந்தார். நல்ல மனிதர், பின்னால் பார்க்காமல் நடப்பது மட்டும்தான் அவரிடமிருந்த குறை. ஏணியோடு இரண்டு அடி பின்னால் வந்தார், அந்த ஒற்றைக் கேபிள் காலில் மாட்டியது. அவர் விழவில்லை. கேபிளின் முனைதான் உடைந்து தொங்கியது. கூடம் முழுவதும் ஒரே நேரத்தில் திரைகள் உறைந்து நிற்க, ஒவ்வொரு தலையாக மேஜைக்கு மேலே எழும்பியது. அன்றைக்கென்று பார்த்து, படம் வாங்கும் டி.வி. கம்பெனிக்காரர்கள் இருவர் வந்திருந்தார்கள். முதலாளி அவர்களுக்கு, துதிக்கையைத் தூக்கியபடி அசையாமல் நின்ற ஒரு குட்டி யானையைக் காட்டி, இந்த இடத்தில் அது யோசிக்கிறது என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணி புதுக் கேபிளை மாற்றிவிட்டாள். ஆனால் உறைந்த திரைகளை எழுப்பி, சேமிக்காமல் போன வேலைகளை மறுபடி செய்து முடிப்பதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. சாயங்காலம் கூட்டம். நாத்தனார் எழுந்தாள்.

"யாரையும் குத்தம் சொல்லல. ஆனா இத்தனை பேரும் ஒத்தைக் கயித்துல தொங்கிட்டிருக்கோம். இது நல்லா இல்ல" என்றாள்.

குற்றம் சொல்லவில்லை என்று சொல்லும்போதே அவள் கண் அண்ணி மேல்தான் இருந்தது. அண்ணிக்குச் சுருக்கென்றது. இராத்திரிச் சாப்பாட்டில் நாத்தனாருக்குப் பரிமாறும்போது கரண்டி தட்டில் கொஞ்சம் சத்தமாகவே விழுந்தது. நாத்தனாரும் சளைக்காமல் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை அண்ணி பெரியவருக்குப் பின்னால் போய்க் குந்தினாள். அவர் முதுகில் நெட்வொர்க் கேபிள் செருகும் துளைகள் நாலு இருந்தன. ஒன்றில் கேபிள், மற்ற மூன்றும் வாங்கி வந்த நாளிலிருந்து ரப்பர் மூடி போட்டபடியே இருந்தன. தினமும் பார்த்ததுதான். அன்றைக்குத்தான் அவை அவளைப் பார்த்த மாதிரி இருந்தது. நாலு கதவு உள்ள வீட்டில் மூன்றைப் பூட்டிவிட்டு ஒன்றில் நெரிசல்பட்டுக்கொண்டிருக்கிறோமே என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

துளை ஒவ்வொன்றுக்கும் பின்னால், அந்தக் கேபிளின் போக்குவரத்தைக் கவனிக்க ஒரு நெட்வொர்க் அடாப்டர். இரண்டு அடாப்டர்களை ஜோடி சேர்த்து ஒன்றாக வேலை செய்ய வைக்க முடியும், அதற்கு டீமிங் என்று பெயர், என்பது மாலை வகுப்பில் படித்ததுதான். பரீட்சைக்கு எழுதியதோடு சரி. இப்போது மறுபடி தேடித் தேடிப் படித்தாள். படித்தது போதாமல் ஆபீஸ் மூலையில் தூசி தின்றுகொண்டிருந்த பழைய சர்வர் ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கி, புருஷனின் மடியில் வைத்து ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அது சாப்பாட்டு மேஜையின் பாதியைப் பிடித்துக்கொண்டது. மீதிப் பாதியில் தட்டுகள்.

அதில் இரண்டு கேபிள்களைச் செருகி, லேப்டாப்பில் பழைய கார்ட்டூன் ஒன்றை அதிலிருந்து ஓடவிட்டு, புருஷனைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். தான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருக்கும்போது ஏதாவது ஒரு கேபிளைப் பிடுங்க வேண்டும் என்பது அவருக்கு வேலை. அவர் அதைப் பல் பிடுங்குகிற டாக்டர் மாதிரி பயபக்தியோடு செய்தார். பிடுங்கினார். படம் ஓடிக்கொண்டே இருந்தது. செருகிவிட்டு மற்றதைப் பிடுங்கினார். அப்போதும் ஓடியது. அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"ஒண்ணு போனா இன்னொண்ணு பாத்துக்குது. அப்ப ரெண்டாவது ஆளு அதுவரைக்கும் சும்மா உக்காந்துதான் வர்றாரா, தூர வண்டியில மாத்து டிரைவர் தூங்கிட்டு வர்ற மாதிரி?"

"அப்படியும் வைக்கலாம். நான் ரெண்டு பேரையும் ஓட்ட வைக்கப் போறேன்."

"ரெண்டு பேரும் ஸ்டியரிங்கைப் பிடிச்சா வண்டி எங்க போகும்?"

அவள் சிரித்துவிட்டாள். கொஞ்சம் யோசித்து, வண்டி ஒன்றில்லை, இரண்டு என்று சொன்னாள். இரண்டு பஸ், ஆனால் நெற்றியில் ஒரே ரூட் நம்பர். நிற்கிறவர்களுக்கு நம்பர்தான் தெரியும். பாதிப் பேர் இதில் ஏறுவார்கள், பாதிப் பேர் அதில் ஏறுவார்கள். ஒரு பஸ் வழியில் நின்றுபோனால் எல்லாரையும் மற்ற பஸ் ஏற்றிக்கொள்ளும். நெரிசலாக இருக்கும், ஆனால் யாரும் நடுத்தெருவில் நிற்க மாட்டார்கள். அவருக்கு இது சட்டென்று பிடிபட்டது. எங்கள் ஸ்கூல் பஸ் மேனேஜருக்கு உன் மூளை இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றார். மாடியிலிருந்து இறங்கி வந்த நாத்தனார், மேஜையில் தன் தட்டு வைக்கும் இடத்தில் சர்வர் இருப்பதைப் பார்த்துவிட்டு, தட்டை அதன் தலைமேல் வைத்துச் சாப்பிட்டாள்.

ஆபீசில் வேலையை ஒரு மதியச் சாப்பாட்டு வேளைக்கு வைத்துக்கொண்டாள். எல்லாரும் எழுந்து போயிருப்பார்கள், பெரியவருக்கும் மூச்சுவிட நேரம் இருக்கும். காலையிலேயே இரண்டாவது கேபிளைப் போட்டு முடித்தாள். இரண்டையும் ஒரே ஸ்விட்ச் பெட்டியில் செருகினால் அந்தப் பெட்டி போனால் இரண்டும் போகும் என்று, ஆளுக்கொரு பெட்டியில் செருகினாள். ஏணிகள் நடமாடும் பக்கத்தை விட்டு ஒன்றை மேலே கூரையோரமாகக் கொண்டுபோனாள். பிறகு தன் மேஜையில் உட்கார்ந்தபடியே பெரியவருக்குள் நுழைந்து, இரண்டு அடாப்டர்களையும் தேர்ந்தெடுத்து, ஜோடிக்கு ஒரு பெயர் வைத்து, சரி என்ற பொத்தானை அழுத்தினாள்.

திரை உறைந்தது.

ஒரு நிமிஷம் பார்த்தாள். அது அசையவில்லை. அப்புறம்தான் நெற்றியில் அடித்துக்கொண்டாள். நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டின கதையாகிவிட்டது. தான் எந்தக் கேபிள் வழியாக உள்ளே போயிருந்தாளோ அந்தக் கேபிளின் பழைய முகவரியைத்தான் இப்போது கழற்றியிருக்கிறாள். ஜோடியானதும் பெரியவருக்குப் புது முகவரி வந்துவிட்டது. கம்பெனிக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் பழைய முகவரிக்குப் போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். வீட்டு மேஜையில் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்ததால் அங்கே இந்தச் சங்கடம் வரவில்லை.

பெரியவர் அறைக்கு ஓடினாள். அவர் எதிரிலேயே உட்கார்ந்து சரிசெய்ய ஒரு திரை வேண்டும். அங்கிருந்த திரையை யாரோ கதைப் பிரிவுக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். திரும்ப ஓடித் தன் மேஜைத் திரையையே பிடுங்கி, கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு நடைபாதையில் போனாள். போகிற வழியில்தான் சாப்பாட்டு அறை. கண்ணாடிச் சுவர். உள்ளே டப்பாக்களை மூடிவிட்டு எழுந்திருக்கத் தொடங்கியிருந்தார்கள்.

நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். அண்ணியின் முகத்தைப் பார்த்தாள், மார்பில் இருந்த திரையைப் பார்த்தாள். எழுந்துபோய் அறை வாசலில் குறுக்கே நின்றுகொண்டு, எங்க அண்ணன் முதல் முதலா பஸ் ஓட்டின கதையை உங்களுக்குச் சொல்லியிருக்கேனா என்று ஆரம்பித்தாள்.

அது அவள் எங்குமே சொல்லாத கதை, வீட்டு மானம் சம்பந்தப்பட்டது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த அண்ணன் விடிகாலையில் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு நிறுத்தமாக நின்று ஹாரன் அடித்திருக்கிறார். ஒரு பிள்ளையும் வரவில்லை. ஊரில் ஏதோ விபரீதம் நடந்துவிட்டது என்று பயந்து, கடைசி நிறுத்தத்தில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்த தகப்பனார், இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாராம். நாத்தனார் இதை நிறுத்தம் நிறுத்தமாக நின்று, ஹாரன் சத்தத்தோடு சொன்னாள். முதலாளி உட்பட யாரும் இடத்தைவிட்டு அசையவில்லை. கடைசி நிறுத்தம் வருவதற்குள் அண்ணி ஜோடிக்குப் பழைய முகவரியைக் கொடுத்து, சரிபார்த்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு நடைபாதையில் தலையை நீட்டிவிட்டாள். அவள் தலை தெரிந்ததும் நாத்தனார் வாசலைவிட்டு விலகினாள்.

ஆனால் அந்த நல்ல மனசு சாயங்காலம் வரை தாங்கவில்லை. இரண்டு கேபிள் போட்டாயிற்று, வேகம் இரட்டையாகியிருக்கும் என்று முதலாளி எல்லாரிடமும் சொல்லிவிட்டார். நாத்தனார் தன்னிடமிருந்ததிலேயே மிகப் பெரிய ஃபைலைப் பொறுக்கி எடுத்தாள்; காட்டில் மழை பெய்கிற காட்சி, இலைக்கு இலை பச்சை வேறு. பெரியவரிடமிருந்து அதைத் தன் கம்ப்யூட்டருக்கு இழுத்தாள். முதலாளி முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தார். முன்னால் எவ்வளவு நேரம் ஆனதோ அதே நேரம்தான் ஆனது.

"அண்ணி, ஒரு இம்மிகூடக் குறையல" என்றாள் நாத்தனார். குரல் கூடத்தின் மறுகோடி வரை போனது.

முதலாளியின் முகம் தொங்கிவிட்டது. அண்ணி எழுந்து வந்தாள். கோபப்படவில்லை. வீட்டில் புருஷனுக்குச் சொன்ன அதே பஸ் கணக்கைத்தான் சொன்னாள். ஒருத்தி ஒரு ஃபைலைக் கேட்டால் அது ஒரு பஸ்ஸில்தான் வரும். ஒரு ஆளை இரண்டாக வெட்டி இரண்டு பஸ்ஸில் ஏற்ற முடியாது. வெறும் ரோட்டில் ஒருத்தி மட்டும் போனால் வித்தியாசம் தெரியாது, கூட்டத்தில்தான் தெரியும். வேண்டுமானால் எல்லாரையும் ஒரே நேரத்தில் திறக்கச் சொல்லிப் பார்க்கலாம்.

முதலாளிக்கு இந்த மாதிரி விஷயம் என்றால் கொண்டாட்டம். நாற்காலி மேல் ஏறி நின்றார். படத்துக்குச் சத்தம் எடுப்பதற்காக வைத்திருந்த ஒரு மணியைக் கையில் எடுத்துக்கொண்டார். மணி அடித்ததும் ஆளுக்கு ஒரு காட்சியைத் திறக்க வேண்டும் என்று உத்தரவு. அடித்தார். பழக்கதோஷத்தில் இரண்டு பேர் டீக்கு எழுந்து செருப்பைக்கூட மாட்டிக்கொண்டார்கள். இடது பக்கத்திலிருந்து ஒருவர் வந்துவிட்டது என்றார். ஜன்னலோரத்திலிருந்து இன்னொருவர். பிறகு வரிசையாக, அங்கங்கே, யானைகளும் குரங்குகளும் மழையும் திரைகளில் வந்து நின்றன. எழுந்தவர்கள் ஒரு கால் செருப்போடு திரும்பி வந்து உட்கார வேண்டியதாயிற்று.

நாத்தனார் தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழைக்காடு முழுசாகத் திறந்திருந்தது. "சரி" என்றாள். அவள் அகராதியில் அது பெரிய பாராட்டு.

கோட்டு மாஸ்டர்தான் நொந்துபோனார். பல வருஷமாகக் காலை டீக்கு அவருக்கு இருந்த ஒரே நியாயமான காரணம் போய்விட்டது. இனிமேல் டீ குடிக்க என்ன சொல்லிக்கொண்டு எழுந்திருப்பது என்று அண்ணியிடமே வந்து கேட்டார். கண்ணுக்கு ஓய்வு என்று சொல்லுங்கள் என்று அவள் ஒரு வழி சொல்லிக்கொடுத்தாள். அன்றிலிருந்து கூடத்தில் எல்லாருக்கும் கண்ணுக்கு ஓய்வு தேவைப்பட்டது.

சில மாதங்கள் அண்ணி தலை நிமிர்ந்து நடந்தாள். பெரியவர் அறையைக் கடக்கும்போது கதவில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவாள். மழைக்காலம் முடிந்து ஏ.சி.க்காரர் வந்து பெரியவர் அறை ஏ.சி.யைச் சுத்தம் செய்துவிட்டுப் போனார். அதற்குப் பின் ஒரு நாள் இராத்திரிச் சாப்பாட்டில் நாத்தனார், கொஞ்ச நாளாகக் காலையில் மறுபடி இழுக்கிறது என்றாள். வழக்கமான குறைதானே என்று அண்ணி விட்டுவிட்டாள். ஆனால் மறுநாள் கோட்டு மாஸ்டர் கண்ணுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு வந்தும் அவர் ஃபைல் திறந்து முடியவில்லை என்பதைக் கண்டபோது, ஏதோ உறுத்தியது. பெரியவருக்குள் போய்ப் பார்த்தாள். ஜோடியில் ஒன்று பச்சை. இன்னொன்று சிவப்பு.

அறைக்குள் போய்ச் சுவரோரம் டார்ச் அடித்தாள். ஏ.சி.க்காரர் இடம் வேண்டி இரும்பு அலமாரியை நகர்த்தி, திரும்பத் தள்ளும்போது அதன் கால் நேரே கேபிள் மேல் ஏறியிருந்தது. நசுங்கித் தட்டையாகிக் கிடந்தது. பெரியவர் எழுதி வைத்திருந்த பதிவைப் பார்த்தால், ஏ.சி.க்காரர் வந்துபோன அதே நாள். வாரக்கணக்கில் கம்பெனி மறுபடியும் ஒற்றைக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அவளோ கதவைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்திருக்கிறாள்.

புதுக் கேபிள் போடச் சில நிமிஷம்தான் ஆனது. மனசு ஆறத்தான் நேரம் பிடித்தது. போய் முதலாளியிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப கேபிள் அறுந்துபோச்சு, எனக்குத் தெரியவே இல்லையா?" என்று இரண்டு தடவை கேட்டார். தச்சர் வந்த நாள் அவருக்கு இன்னும் மறக்கவில்லை. அறுந்தும் தெரியாமல் இருந்தது என்பதை அன்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்தார்.

அண்ணிக்கு அது ஆறுதலாக இல்லை. யாருக்கும் வலிக்காமல் போனதுதான் அவளைப் பயமுறுத்தியது. வீட்டுக்கு வந்ததும் நாத்தனாரிடம் சொன்னாள். நாத்தனார் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, நான் சொன்னபோது கேட்டிருக்கலாம் என்று ஆரம்பிக்கப்போனவள், அண்ணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"அது செத்தா அதுவே சொல்லாதா, அண்ணி?"

"சொல்ல வைக்கலாம். என் போனுக்குச் செய்தி வர்ற மாதிரி."

"நீங்க குளிச்சிட்டிருந்தா? எனக்கும் வர்ற மாதிரி வைங்க."

அப்படியே வைத்தாள். செய்தி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிய வேண்டுமே. சனிக்கிழமைகளில் நாத்தனாரைப் பெரியவர் அறைக்குக் கூட்டிப்போனாள். முதல் நாள் நாத்தனார் எல்லாக் கேபிளும் ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கிறதே, இதைப் போட்டது யார், ரசனை கெட்ட மனுஷர் என்று அரை மணி நேரம் குறைப்பட்டுக்கொண்டாள். போட்டது தான்தான் என்று அண்ணி சொல்லவில்லை. ஆனால் கற்றுக்கொள்வதில் அவள் படு சூட்டிகை. எது எங்கே போகிறது, எந்த விளக்கு அணைந்தால் எந்தத் துளை, மாற்றுக் கேபிள் எந்தக் கொக்கியில் என்று, சாயக்கலவை மாதிரி மனசில் பதித்துக்கொண்டாள். தவறாக ஒன்றைப் பிடுங்கிவிட்டு அண்ணி முகத்தைப் பார்த்தாள். வெளியே கூடத்தில் யாரும் கத்தவில்லை என்று தெரிந்ததும், இது நல்லா இருக்கே என்று மறுபடியும் பிடுங்கிச் செருகிப் பார்த்தாள்.

அடுத்த கோடை விடுமுறையில் பஸ் ஓடாது. அண்ணியின் புருஷன் கடற்கரை ஊர் ஒன்றுக்கு ஒரு வாரம் போய்வரலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். பெரியவரைக் கட்டிக்கொண்டதிலிருந்து அவள் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் ஊரைவிட்டுப் போனதில்லை. முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள். நாத்தனார் முந்திக்கொண்டு, போய்ட்டு வாங்க, நான் இருக்கேன்ல என்றாள்.

போன இரண்டாம் நாள், மணலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருக்கும்போது போனில் செய்தி வந்தது. ஜோடியில் ஒரு கேபிள் விழுந்துவிட்டது. அண்ணி கையிலிருந்த கடலையை மணலில் போட்டாள். நாத்தனாரைக் கூப்பிட்டாள். மறுமுனையில் பெரியவரின் இரைச்சல் கேட்டது.

"மாத்தியாச்சு, அண்ணி. தரை துடைக்கிற மிஷின் இழுத்துடுச்சு. புதுசு போட்டுட்டேன், பச்சை எரியுது, யாரும் எந்திரிக்கக்கூட இல்ல. அண்ணன்கிட்ட குடுங்க."

கொடுத்தாள். அவர் சரி சரி என்று தலையாட்டிக் கேட்டுவிட்டு, போனை அணைத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சாயங்காலம்வரை திருப்பித் தரக் கூடாது என்று தங்கச்சி உத்தரவாம். அண்ணி கையை நீட்டிப் பார்த்தாள். அவர் பையைப் பொத்திக்கொண்டு எழுந்து அலையைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். அவளும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். முழங்கால் நனையும் வரை போன் ஞாபகம் இருந்தது. அதற்குப் பிறகு இல்லை.

திரும்பி வந்த திங்கட்கிழமை காலையில் பெரியவர் அறைக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் பார்த்துப் பார்த்துப் போட்ட சாம்பல் நிறக் கேபிள்களின் இரண்டு முனைகளிலும் வண்ண நாடா சுற்றியிருந்தது. கதைப் பிரிவுக்கு நீலம், கோட்டுப் பிரிவுக்குப் பச்சை, முதலாளிக்கு ஊதா. பெரியவரின் ஜோடிக்கு மட்டும் ஒன்றில் அடர்சிவப்பு, ஒன்றில் மாம்பழ மஞ்சள். கேட்காமல் கொள்ளாமல் தன் அறையில் கை வைத்துவிட்டாளே என்று அண்ணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. திரும்பிப் போய்க் கேட்கலாம் என்று கதவில் கை வைத்தவள், அங்கிருந்தே இன்னொரு முறை பார்த்தாள். எது எங்கே போகிறது என்பது வாசலில் நின்றபடியே தெரிந்தது.

"அண்ணி, வந்துட்டீங்களா? என் ஃபைல் திறக்க மாட்டேங்குது" என்று கூடத்தின் மறுகோடியிலிருந்து குரல் வந்தது.

போய்ப் பார்த்தால், நாத்தனார் கம்ப்யூட்டரையே இன்னும் போடவில்லை. சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேஜையில் இரண்டு டீ வாங்கி வைத்திருந்தாள்.